மாக்ஸ் டேன் எழுப்பிய வினா

1911ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணித அறிஞர் மாக்ஸ் டேன், குலக் கோட்பாட்டில் மூன்று வினாக்களை எழுப்பினார். குலம் என்பது இங்குச் சாதியன்று. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யத்தக்கனவும், ஒவ்வொன்றும் தன்னை நீக்கவல்ல எதிர்ச்செயலை உடையனவுமாகிய செயல்களின் தொகுதியே குலம். அடிப்படைச் செயல்கள் சிலவற்றை எழுத்துகளாகக் கொண்டால், அவற்றின் வரிசைகள் சொற்களாகும். எச்சொல் எச்சொல்லுக்குச் சமம் என்பதற்கு விதிகள் உண்டு. இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வமைப்பு அயலானதன்று.

நீண்டதொரு சொல், விதிகளின்படி மாற்றிக்கொண்டே சென்றால் முற்றும் மறையுமா? இதனை எச்சொல்லுக்கும் தவறாது கூறும் முறை உண்டா? இதுவே முதல் வினா. இரண்டாவது, ஒரு சொல்லின் முன்னே மற்றொரு சொல்லையும் பின்னே அதன் எதிரையும் சேர்த்து, தரப்பட்ட வேறொரு சொல்லைப் பெற இயலுமா என்பது. மூன்றாவது, இருவகையாய் எழுதப்பட்ட குலங்கள் ஒன்றேதானா என்பது.

பரப்புகள் சார்ந்த சில குலங்களுக்கு டேனே முதல் வினாவின் விடையைக் கண்டார். மறையத்தக்க சொல்லில் ஏதேனும் ஒரு விதியின் பாதிக்கு மேற்பட்ட பகுதி இருந்தே தீரும். அதனை நீக்கி, எஞ்சிய சிறுபகுதியின் எதிரை இட்டால் சொல் குறுகும். குறுக்க இயலாது நின்றால் அது மறையாத சொல். என்ன தெளிவு!

எல்லாக் குலங்களிலும் இத்தெளிவு இல்லை. மறையும் சொல்லாயின், விதிகளை எல்லா வகையிலும் இட்டுத் தேடுவோர் என்றேனும் வழியைக் கண்டே தீர்வர். மறையாத சொல்லாயின் தேடல் முடிவதேயில்லை. இன்னும் வராத விடைக்கும் என்றுமே வாராத விடைக்கும் வேற்றுமை காண்பது எங்ஙனம்?

யூதரான டேன் 1935இல் பிராங்பர்ட் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். பின்னர் நார்வேக்குத் தப்பிச் சென்று, அங்கிருந்து சைபீரியா, ஜப்பான் வழியே அமெரிக்காவை அடைந்தார். பிளாக் மவுண்டன் என்னும் சிறு கல்லூரியில் கணிதத்தோடு தத்துவமும் கிரேக்கமும் கற்பித்து, 1952இல் மறைந்தார். நல்லாசிரியருக்குக் கல்லூரியின் அளவு பொருட்டன்று போலும். மூன்றாண்டு கழித்து, 1955இல், சோவியத் அறிஞர் நோவிக்கோவ் முதல் வினாவுக்கு விடையே காண இயலாத குலம் உண்டென நிறுவினார்.

அதனால் தேடல் ஓய்ந்துவிடவில்லை. சடைப்பின்னலைப் போன்ற இழைகளின் குலத்தை ஆர்ட்டின் 1925இல் ஆராய்ந்திருந்தார். அதில் இரண்டாம் வினாவைக் கார்சைடு 1969இல் தீர்த்தார். ஆயினும் விடை உண்டென அறிவது வேறு; அவ்விடைச் சொல்லை விரைந்து கண்டெடுப்பது வேறு. அக்கடுமையை நம்பி, அன்ஷெல் என்னும் பெயருடைய இருவரும் கோல்ட்ஃபெல்டும் 1999இல் இரகசியச் செய்திகளுக்குப் பூட்டொன்று அமைத்தனர். பின்வந்தோர், சொல்லைப் படிப்படியாய்க் குறுக்கித் தேடும் உத்தியாலேயே அத்தகைய பூட்டுகள் பலவற்றைத் திறந்துவிட்டனர்.