மீரியாபெத்தை மண்சரிவும் நிலவுரிமை வினாவும்

ஒரு மலைச்சரிவின் உறுதியைக் கணிப்பது பொறியியலின் பணி. அச்சரிவிலே எவர் குடியிருக்க நேர்ந்தது என்பதை விளக்குவது சமூக வரலாற்றின் பணி. பதுளை மாவட்டப் பெருந்தோட்டங்களைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பிரித்து நோக்குதல் இயலாது.

தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990ஆம் ஆண்டளவில் மண்சரிவு அபாய வலயங்களைப் படமாக்கத் தொடங்கியபோது முதலில் தெரிந்தெடுத்தவை பதுளை, நுவரெலியா மாவட்டங்களே. துளையிட்டு மண்ணின் இறுக்கத்தைச் சோதித்தல், நிலத்தடி நீர்மட்டத்தை அளத்தல், சரிவின் அசைவைக் கருவிகளாற் கண்காணித்தல் என்பன இத்துறையின் வழமையான முறைகள். மேற்சரிவிலிருந்து காலங்காலமாக உருண்டு சேர்ந்த தளர்ந்த மண்ணில் மழைநீர் இறங்கி நிரம்புகையில், நுண்துளைகளில் நீரின் அமுக்கம் உயர்கிறது, மண்துகள்களுக்கிடையிலான பிடிப்புக் குறைகிறது, சரிவு பெயர்கிறது. இக்காரண காரியத் தொடர்பு எவருமறியா மர்மமன்று.

கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியாபெத்தைத் தோட்டத்திற்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. எச்சரிக்கையை மக்கள் பொருட்படுத்தவில்லை என்று கூறுதல் எளிது. ஆயின் அவர்கள் எங்கே செல்வது? லயக் காம்பரா தொழிலோடு பிணைக்கப்பட்டது. காணியோ கட்டடமோ தொழிலாளிக்குரியதன்று. லயத்தின் இடத்தைத் தீர்மானித்ததும் அவனல்லன். தேயிலைச் செய்கையின் வசதியே. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் எவையும் குடியிருப்பவனுக்குக் காணியுரிமையை வழங்கவில்லை.

ஊவாவிற் பிறந்த தெளிவத்தை ஜோசப், 'மீன்கள்' என்னும் சிறுகதையில், லயக் காம்பராவின் இடநெருக்கடியைக் குடும்பத்தின் மானப் பிரச்சினையாகக் கண்டார். இலக்கியம் உணர்த்திய அவலமும் பொறியியல் அளந்த அபாயமும் ஒரே உற்பத்தி உறவிலிருந்து தோன்றியவை என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

உயிர்தப்பிய குடும்பங்களுக்கு 2016இல் மக்கல்தெனியவில் வீடுகள் கையளிக்கப்பட்டன. அழிவின் பின்னர் கிடைத்த நிலம் 2005இல் கிடைக்காதது ஏன்? 2023 மார்ச்சில் பூனாகலைத் தோட்டத்தின் கபரகலைப் பிரிவிலும் மண் சரிந்தபோது அவ்வினாவே மீண்டும் எழுந்தது. மண் ஆய்வு இன்றியமையாதது. அதனைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. ஆயின் ஆய்வறிக்கை உயிர்காக்க வேண்டுமாயின், அதனைக் கேட்பவனுக்குப் பெயர்ந்து செல்லத் தன் பெயரிலே ஒரு துண்டுக் காணியாவது இருத்தல் வேண்டும்.