பெயரில் ஒட்டிய பழி: படர்தாமரையின் சிறு வரலாறு

ஒரு நோய்க்கு இடப்படும் பெயரில் அதன் காரணம் குறித்த ஊகமும் பல நேரங்களில் ஒளிந்திருக்கும். தோலில் வட்டமாகப் படரும் பூஞ்சைத் தொற்றை இலத்தீன் ‘டீனியா’ என்றது. துணியரிக்கும் பூச்சிப்புழுவைக் குறித்த சொல் அது. ஆங்கிலம் ‘ரிங்வோர்ம்’ என வளையத்தோடு புழுவைச் சேர்த்தது. தமிழில் ‘வண்டுகடி’ என்ற வழக்குண்டு. அதற்கு மருந்தாகும் சீமையகத்தியின் மறுபெயர் ‘வண்டுகொல்லி’. மூன்று மொழிகளும் இல்லாத பூச்சியின்மேல் பழி சுமத்தின. ‘படர்தாமரை’ என்ற பெயரோ காரணம் தேடாமல், கண்ட வடிவத்தை மட்டும் சொல்லி நின்றது.

1837-இல் பெர்லினில் ராபர்ட் ரெமாக், தலையில் மஞ்சள் பொருக்கு கட்டும் ஃபேவஸ் என்னும் நோயின் பொருக்கை நுண்ணோக்கியில் ஆய்ந்து இழைகளைக் கண்டார். 1839-இல் ஷோன்லைன் அவை பூஞ்சை என எழுதினார். 1841-இல் பாரிசில் டேவிட் குரூபி தனித்து அதே முடிவை அடைந்தார். ரெமாக் தம் கையிலேயே தொற்றை ஏற்றிப் பார்த்தார். ஆந்திராக்ஸ் நோய்க்கான பாக்டீரியாவைக் கோக் 1876-இல் நிறுவுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே நிகழ்ந்தவை இவை.

ஆயினும் காலனிய இந்தியாவில் அரைமடிப்பில் தோன்றும் படைக்கு ஆங்கிலேயர் ‘தோபி இட்ச்’ என்று பெயரிட்டனர். பூஞ்சை துணிவழியும் பரவலாம் என்பது உண்மையே. ஆனால் வெப்பம், வியர்வை, இறுகிய ஈர உடை ஆகியவற்றின் பங்கு அப்பெயரில் இல்லை. வெளுத்துக் கொடுத்த உழைப்பாளியே குற்றவாளியானார். பூச்சியின் இடத்தில் ஒரு சாதி வைக்கப்பட்டது. அச்சொல் ஆங்கில மருத்துவ நூல்களிலும் நிலைத்தது.

2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், டெர்பினாஃபின் மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத புதிய பூஞ்சை இனமொன்றுக்கு ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ எனப் பெயரிட்டனர். அவர்கள் ஆய்ந்த மாதிரிகள் ஓர் இந்தியரிடமும் ஒரு நேபாளியிடமும் பெறப்பட்டவை. நோய்ப்பெயர்களில் ஊர்ப்பெயர்களைத் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2015-இலேயே அறிவுறுத்தியிருந்தது. உயிரினப் பெயரீட்டுக்கு அவ்விதி பொருந்தாது. எனினும் ‘இண்டோ’ என்னும் முன்னொட்டைப் படிக்கும்போது பழைய ‘தோபி’ நினைவுக்கு வராமலில்லை.

பெயரை மட்டும் நொந்துகொள்வதும் நேர்மையாகாது. மருத்துவர் சீட்டின்றி வாங்கிப் பூசப்படும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பைத் தணிக்கின்றன. தோலின் எதிர்ப்பாற்றலை அடக்கிப் பூஞ்சையைப் பரவவும் விடுகின்றன. 1968-லேயே மருத்துவ இதழில் ‘டீனியா இன்காக்னிட்டோ’, அதாவது மாறுவேடப் படை, என்று இந்நிலை விவரிக்கப்பட்டுவிட்டது. பூச்சி, வண்ணார், நாடு என்று பழி இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கடை மேசையில் கைமாறும் களிம்புக்குழாய் மட்டும் எந்தப் பெயரிலும் இடம்பெறவில்லை.