விண்ணப்பமும் பிறர் துணையும்



வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிற் சேர விரும்பும் மாணவர் இன்று தம்மைப்பற்றித் தாமே ஒரு கட்டுரை எழுதி விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டியிருக்கிறது. அக்கட்டுரையைக் கூலி பெற்றுத் திருத்துவோரும், முழுவதும் எழுதியே கொடுப்போரும் எங்கும் பெருகியுள்ளனர். இத்தகைய துணையைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலுள்ள ஒரு மாணவன் நாடலாமா? நாடுவதாயின் எவ்வளவு நாடலாம்? வரலாறு இதற்கு என்ன விடை தருகின்றது என்று பார்ப்போம்.

கடல் கடந்து கல்வி தேடுதல் இந்நகரத்தார்க்குப் புதிய வழக்கமன்று. இலங்கையிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது 1921ஆம் ஆண்டில். பல்கலைக்கழகம் தோன்றியது 1942ஆம் ஆண்டில். அதற்கு முன் பட்டம் பெற விரும்பியோர் 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தை நாடினர். திருகோணமலையிற் பிறந்த த. கனகசுந்தரம்பிள்ளை அவ்வாறு சென்னை சென்று பி. ஏ. பட்டம் பெற்றுத் தமிழாராய்ச்சியிற் சிறந்தார். அவர் தம்பியார் சரவணமுத்துப்பிள்ளை அந்நகரின் மாநிலக் கல்லூரி நூலகத்திற் பணியாற்றினார். 1895இல் 'மோகனாங்கி' என்னும் வரலாற்று நாவலை வெளியிட்டார். சென்னைக்குச் செல்ல இயலாதார்க்கு வேறொரு வழியும் இருந்தது. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல், தன் கல்லூரிகளில் அமர்ந்து கற்காதவர்க்கும் பரீட்சை எழுதும் உரிமையை வழங்கியது. திருகோணமலை இந்துக் கல்லூரியின் வளர்ச்சியோடு பெயர் பிணைந்த விபுலாநந்த அடிகள் பெற்ற விஞ்ஞானப் பட்டமும் அவ்வழியில் வந்ததே.

இவர்கள் காலத்தில் கல்வியின் வாயிலைக் காத்து நின்றது பரீட்சை. உனக்கு என்ன தெரியும் என்று அது கேட்டது. நீ யார் என்று கேட்கவில்லை. ஆசிரியர் எவ்வளவு துணை செய்திருப்பினும், பரீட்சை மண்டபத்துள் மாணவன் தனியனாகவே நுழைந்தான்.

எழுதியவன் யாரென்று அறியாமல் எழுத்தை மட்டும் மதிப்பிடும் இம்முறையை மிகப் பழங்காலத்திலேயே வளர்த்தவர் சீனர். சொங் அரசர் காலத்தில், அதாவது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன், விடைத்தாளிலுள்ள பெயரை மூடி ஒட்டினர். கையெழுத்தைக் கொண்டு ஆளை அறியலாகும் என்று அஞ்சி, விடை முழுவதையும் எழுத்தரைக் கொண்டு வேறு தாளிற் பிரதி செய்வித்த பின்னரே பரீட்சகரிடம் கொடுத்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் இம்முறை தலைகீழாயிற்று. 1920களில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் முதலிய கல்லூரிகள், பரீட்சையில் மிகுதியாகத் தேறிவந்த யூத மாணவரின் தொகையைக் குறைக்கக் கருதின. புள்ளிகளோடு குணநலமும் ஆராயப்படும் என்றன. குலம், பெற்றோர், நிழற்படம், தன்னைப்பற்றிய கட்டுரை ஆகியன விண்ணப்பத்தில் இடம்பெறத் தொடங்கின. இன்று அதே கட்டுரை, வறுமையிலும் இடரிலும் வளர்ந்த பிள்ளை தன் நிலையைச் சொல்லும் வாய்ப்பாகவும் அமைகின்றது. கேடு கருதித் திறந்த கதவு நன்மைக்கும் வழிவிட்டமை வரலாற்றின் விந்தை.

ஆயினும், நீ யார் என்ற வினாவுக்குப் பிறர் விடை எழுதினால் யாது நேரும்? பிரித்தானியாவிற் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் நிறுவனம் 2007இல் அவற்றை ஒப்பிட்டு நோக்கியது. எட்டு வயதிற் செய்த இரசாயனச் சோதனையொன்றில் இரவுடை தீப்பட்டு ஓட்டையானதாக 234 பேர் எழுதியிருந்தனர்! தன் கதையைச் சொல்லப் புகுந்தவன் கடன்பட்ட கதையைச் சொன்னான். அதனாற் கூட்டத்துள் மறைந்தான். அந்நிறுவனம் 2026ஆம் ஆண்டு அனுமதி முதல், நீண்ட ஒரே கட்டுரைக்குப் பதிலாக மூன்று வினாக்களுக்கு விடை கேட்கின்றது.

'கச்சேரி வாயிலில் அமர்ந்து, எழுத்தறியாதார்க்குப் பெட்டிசம் எழுதிக் கொடுத்தவர் நம்மூரில் இல்லையா? அது குற்றமாயிற்றா?' என்று சிலர் வினவலாம். குற்றமன்று, அது பேருதவி. பெட்டிசம் கேட்பது காணியோ, நிவாரணமோ, நீதியோ ஆகும். எழுதியவர் எவராயினும் குறை உண்மையாயிருந்தாற் போதும். விண்ணப்பக் கட்டுரையிலோ மாணவனுடைய சிந்தையே ஆராயப்படும் பொருள். அதனைப் பிறர் எழுதினால் ஆராய்வதற்கு மாணவனுடையதென ஒன்றும் எஞ்சாது.

அப்படியானால் எவ்வகைத் துணை தகும்? கேள்வி கேட்கும் துணை தகும். கிண்ணியாவில் 2009இற் பாலம் திறக்கப்படுமுன், பாதை எனப்பட்ட மிதவையிற் குடாவைக் கடந்து தொழிலுக்குச் சென்ற தந்தை என்ன சொன்னார்? சீனக்குடாவின் பழைய எண்ணெய்த் தாங்கிகளைக் கண்டு உன் மனத்தில் எழுந்த ஐயம் யாது? இவ்வாறு கேட்டு, மாணவன் சொல்வதைப் பொறுமையோடு செவிமடுத்து, தெளிவில்லாத இடத்தைச் சுட்டிக்காட்டி, பிழையைக் குறித்துக் கொடுத்து, எழுதுகோலை அவன் கையிலேயே விட்டுவிடும் ஆசிரியரே நற்றுணைவர். அவ்வாறு பிறந்த கட்டுரை வேறு எவருடையதைப் போலவும் இராது.

இத்துணை செல்வர்க்கு மட்டும் உரியதாதல் தகாது. நம் நாட்டுப் பல்கலைக்கழக அனுமதியிற் பெரும்பாலான துறைகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய தகுதிக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. அப்பின்தங்கிய மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று. வாய்ப்பு யாவர்க்கும் ஒத்ததன்று என்பதை நம் நாட்டுச் சட்டதிட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது. கடலுக்கு அப்பாலுள்ள கல்லூரிக்கு எழுதும்போது அவ்வொதுக்கீடு துணைக்கு வாராது. ஆகவே, முன்னே சென்று கற்றவர் பின்னே வருவோர்க்கு வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஈந்து, அவர் எழுதியதை வாசித்துக் கேள்வி கேட்பாராயின், கூலிக்கு எழுதுவோரை நாடும் தேவை பெரிதும் குறையும். பழைய மாணவர் சங்கங்களும் ஊர் நூலகங்களும் இப்பணியை ஏற்றல் வேண்டும். துறைமுகத்தினுள் வழிகாட்டி கப்பலேறி நெறி சொல்லுவார். கப்பலோ தன் கொடியின் கீழ்த் தன் சரக்கோடுதான் கரை சேரும். கல்வித் துறையிலும் அதுவே முறை.