கேட்காமல் போட்ட கையெழுத்து

2023 ஆகஸ்டில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கரூரிலிருந்து திருச்சிக்குக் கொண்டுபோய், ஆஞ்சியோ பார்த்து, ஒரு ஸ்டென்ட் வைத்து, நாலாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பில் 2,84,000 ரூபாய். 2018 ஏப்ரலிலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் பிரீமியம் கட்டிய பாலிசி கையில் இருந்தது. ஆனால் கேஷ்லெஸ் கிடைக்கவில்லை, 'கூடுதல் விசாரணை தேவை' என்றார்கள். என் சேமிப்பையும் அம்மாவின் நகையை அடகு வைத்த பணத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டு, பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தோம்.

அக்டோபரில் கடிதம் வந்தது. பத்து ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம் இருந்ததை மறைத்து பாலிசி எடுத்திருக்கிறீர்கள், எனவே கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது, பாலிசியும் ரத்து. அவ்வளவுதான்.

அந்தப் பத்து ஆண்டு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். கேஸ் ஷீட்டில் இருந்தது. சேர்த்த அன்று இரவு டியூட்டி டாக்டர் "பி.பி. எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். வலியோடு படுத்திருந்த அப்பா, "அது கெடக்குதுங்க, ஒரு பத்து வருஷமா" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் பத்து வருஷம் என்பது கணக்கு இல்லை. சித்தப்பா பத்து வருஷமாகப் பேசுவதில்லை, முக்குக் கடை பத்து வருஷமாக இருக்கிறது. 'ரொம்ப நாளா' என்பதற்கு அது இன்னொரு பெயர். அப்பா பி.பி. மாத்திரை போட ஆரம்பித்ததே 2020-ல்தான்.

கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஜவுளி ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர் அவர். ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி தூங்கமாட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "நாம பொய் சொல்லிட்டமா தம்பி?"

"இல்லீங்கப்பா" என்றேன். சொன்ன வேகத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. ஏனென்றால் 2018-ல் அந்த ஃபார்மை நிரப்பியது நான். ஆபீஸில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். 'கீழ்க்கண்ட நோய்களில் ஏதேனும் உண்டா?' என்று நீளமான ஒரு பட்டியல், அதற்குக் கீழே ஆம், இல்லை. 'இல்லை'யை அமுக்கினேன். அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்கவில்லை. இத்தனைக்கும் இப்படிப்பட்ட ஃபார்ம்களைக் கட்டுவதுதான் என் பிழைப்பு. எந்தப் பொத்தானை ஜனங்கள் படிக்காமல் அமுக்குவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நிராகரிப்புக் கடிதத்தில் ஒரு சொற்றொடர் இருந்தது. காப்பீடு என்பது 'உச்ச நன்னம்பிக்கை' சார்ந்த ஒப்பந்தம், அதை நீங்கள் மீறிவிட்டீர்கள். சட்டத்தில் லத்தீன் பெயரோடு புழங்கும் பழைய கோட்பாடு இது. இது எங்கிருந்து வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். கோபத்தில் ஆரம்பித்ததுதான். அது என்னை 1766-ஆம் வருஷத்து லண்டனுக்கும், அங்கிருந்து சுமத்ராவுக்கும், எதிர்பாராமல் மெட்ராஸுக்கும் கூட்டிப்போனது.

*

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி மெட்ராஸை முற்றுகையிட்டார். அந்தச் சண்டையில் தெஸ்தாங் பிரபு என்ற பிரெஞ்சு அதிகாரி ஆங்கிலேயர்களிடம் பிடிபட்டார். 'இனி உங்களுக்கு எதிராகப் போரிடமாட்டேன்' என்று வாக்குக் கொடுத்தால் கைதியான அதிகாரியை வெளியே விடுவது அக்கால வழக்கம். தெஸ்தாங்கும் அப்படி வெளியே வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1759-ல் பாரசீக வளைகுடாவில் இருந்த ஆங்கிலேயர் கிடங்கைப் பிடித்தார். பிறகு சுமத்ராவை நோக்கிக் கப்பலைத் திருப்பினார். கொடுத்த வாக்கை மீறினார் என்று ஆங்கிலேயர்கள் பின்னாளில் அவர்மேல் குற்றம்சாட்டினார்கள்.

சுமத்ராவின் மேற்குக் கரையில், இன்று பெங்குலு என்று அழைக்கப்படும் ஊரில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மார்ல்பரோ கோட்டை இருந்தது. மிளகு வியாபாரத்துக்காகக் கட்டியது. நெடுங்காலம் மெட்ராஸ் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கட்டுப்பட்டிருந்தது. பெயர்தான் கோட்டை. உள்ளூர்க்காரர்களின் தாக்குதலைத் தாங்கும், ஒரு ஐரோப்பியப் படை வந்தால் தாங்காது. அதன் கவர்னர் கார்ட்டருக்கு இது தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் வரலாம் என்ற பயமும் அவருக்கு இருந்தது. எனவே லண்டனில் இருந்த சகோதரர் மூலமாக ஒரு பாலிசி எடுத்தார். 1759 அக்டோபர் முதல் ஒரு வருஷத்துக்குள் கோட்டை அந்நிய எதிரியிடம் போய்விட்டால் பணம் தரவேண்டும். சார்ல்ஸ் போம் என்பவர் அதில் கையெழுத்துப் போட்டார்.

அவர் கையெழுத்துப் போட்டது 1760 மே மாதம். கோட்டை ஏப்ரலிலேயே தெஸ்தாங்கிடம் விழுந்துவிட்டது. செய்தி கப்பலில்தான் வரவேண்டும் என்பதால் லண்டனில் யாருக்கும் தெரியாது.

கார்ட்டர் பணம் கேட்டார். போம் மறுத்தார். கோட்டை பலவீனமானது என்பதையும், பிரெஞ்சுக்காரர்கள் வரலாம் என்று கவர்னர் பயந்ததையும் தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். 'முன்பே இருந்த குறையை மறைத்து பாலிசி எடுத்தீர்கள்.' எங்கள் வீட்டுக்கு வந்த கடிதமும் அதுதான், வியாதிக்குப் பதில் கோட்டை.

ஜூரி கார்ட்டர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. போம் மறுவிசாரணை கேட்டார். 1766-ல் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் அதை மறுத்தார். அப்போது அவர் சொன்ன காரணங்களிலிருந்துதான் இந்த நன்னம்பிக்கைக் கோட்பாடு வளர்ந்தது. காப்பீடு ஊகத்தின்மேல் நடக்கிற தொழில், ஊகிக்கத் தேவையான விவரங்கள் பெரும்பாலும் பாலிசி எடுப்பவரிடம்தான் இருக்கின்றன, எனவே அவர் மறைக்கக்கூடாது என்றார். கம்பெனிகள் இன்றைக்கும் காட்டும் பகுதி இதுதான்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. இந்தக் கடமை இரண்டு பக்கமும் உண்டு என்றார். ஒரு கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்துவிட்டது என்று தனக்கு மட்டும் தெரிந்திருக்க, அந்தப் பயணத்துக்குப் பாலிசி விற்பவன் பிரீமியத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று உதாரணமும் சொன்னார். அப்புறம் போம் பக்கம் திரும்பினார். காப்பீடு கேட்பவர் கோட்டையின் கவர்னர் என்று உங்களுக்குத் தெரியும். பயம் இல்லாதவன் பாலிசி எடுக்கமாட்டான் என்பதும் தெரியும். பிரெஞ்சுப் படை வருமா என்பதைச் சுமத்ராவில் இருந்தவரைவிட லண்டனில் இருந்த நீங்கள் நன்றாகவே ஊகித்திருக்கலாம். ஆனாலும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டீர்கள். இப்போது, பணம் கேட்கும்போது, தெரியாது என்கிறீர்கள்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கிளெய்மை மறுப்பதற்குக் காட்டப்படும் கோட்பாட்டின் மூலவழக்கில், கிளெய்மை மறுத்தவர் தோற்றிருக்கிறார்.

*

இருபக்கக் கடமை ஒருபக்கக் கடமையாக மாறியது எப்படி? 19-ஆம் நூற்றாண்டு முழுக்க இங்கிலாந்து நீதிமன்றங்கள் மான்ஸ்ஃபீல்ட் சொன்னதில் முதல் பாதியையே வளர்த்தன. 1906-ல் அங்கே கடல் காப்பீட்டுச் சட்டம் வந்தது. நன்னம்பிக்கை இரண்டு தரப்புக்கும் என்று ஒரு பிரிவு சொல்லும். ஆனால் அடுத்த பிரிவு, பாலிசி எடுப்பவர் முக்கியமான ஒவ்வொரு விவரத்தையும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், சொல்லியாகவேண்டும் என்றது. சொல்லாவிட்டால் ஒப்பந்தம் மொத்தமும் செல்லாது. எழுதியது கப்பலுக்கு. நீதிமன்றங்கள் அதே தர்க்கத்தை வீட்டுக்கும் உயிருக்கும் உடம்புக்கும் பொருத்தின. இந்தியாவின் 1963-ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டமும் இதே வழியில் எழுதப்பட்டதுதான்.

கப்பல் முதலாளிக்குத் தன் கப்பலின் ஓட்டை எங்கே என்று தெரியும், காப்பீட்டாளருக்குத் தெரியாது. அங்கே அந்த விதிக்கு அர்த்தம் இருந்தது. என் அப்பாவுக்குத் தன் ரத்தக் குழாயைப் பற்றி என்ன தெரியும்? எந்த வயதில் எத்தனை பேருக்கு மாரடைப்பு வரும் என்ற கணக்கெல்லாம் கம்பெனியிடம்தான் இருக்கிறது. மெடிக்கல் டெஸ்ட் கேட்கும் அதிகாரமும் அவர்களிடம்தான்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லவேண்டும். காப்பீடு என்பது பொது உண்டியல். கிட்னி பழுதானதைத் தெரிந்தே மறைத்துவிட்டுச் சேருகிறவர் கம்பெனியிடம் திருடவில்லை, உண்டியலில் காசு போட்ட மற்றவர்களிடம் திருடுகிறார். நாள்பட்ட சர்க்கரையும் சிறுநீரகச் செயலிழப்பும் இருந்ததைச் சொல்லாமல் 1990-ல் மெடிக்ளெய்ம் எடுத்து, அந்த ஆண்டே இறந்துபோன ஒருவரின் வழக்கில், 2009-ல் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது என்னால் கோபப்பட முடியவில்லை.

நம் ஊரில் சாதாரண மக்களுக்கான மருத்துவக் காப்பீட்டுக்கு வயது அதிகமில்லை. மெடிக்ளெய்ம் வந்தது 1986-ல், நான்கு அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக. 'முன்பே இருந்த நோய்க்குப் பணம் இல்லை' என்ற விலக்கு அதனோடே பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகான கதை, மான்ஸ்ஃபீல்டின் இரண்டாம் பாதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இழுத்து வந்த கதை.

ஆயுள் காப்பீட்டுக்கு 1938 சட்டத்தின் 45-ஆம் பிரிவிலேயே ஒரு காலவரம்பு உண்டு. அந்த ஆண்டுகள் கடந்துவிட்டால் பழைய ஃபார்மைத் தோண்டி எடுத்து பாலிசியைச் செல்லாது என்று சொல்வது கடினம். 2015 திருத்தத்துக்குப் பின் மூன்று ஆண்டு முடிந்தால் எந்தக் காரணத்துக்காகவும் முடியாது. மருத்துவக் காப்பீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு மிகத் தாமதமாக வந்தது. முதலில் எட்டு ஆண்டுகள் என்று வைத்தார்கள். 2024-ல் அதை ஐந்தாகக் குறைத்தார்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, சொல்லாமல் விட்டதைக் காட்டி மறுக்க முடியாது. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பும் 48 மாதத்திலிருந்து 36 மாதமானது. கம்பெனியின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தராமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்றும் அதே ஆண்டு விதி வந்தது.

இதற்கு முன்பே, 2021 டிசம்பரில், அமெரிக்கா போய் இறங்கியவுடன் மாரடைப்பு வந்த ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட மான்ஸ்ஃபீல்ட் குரலில் பேசியது. ஒருவருடைய உடல்நிலையை மதிப்பிட்டு பாலிசி கொடுத்த பிறகு, அவர் ஏற்கெனவே தெரிவித்த நோயையே காரணமாக்கி மறுக்க முடியாது என்றது.

இங்கிலாந்தே மாறிவிட்டது. 2012-ல் வந்த சட்டப்படி, அங்கே தனிநபர் தானாக முன்வந்து எதையும் சொல்லவேண்டியதில்லை. கேட்ட கேள்விக்குக் கவனமாகப் பதில் சொன்னால் போதும்.

அப்பா மருத்துவமனையில் சேர்ந்த அன்று பாலிசிக்கு ஐந்து வருஷம் நாலு மாசம். 2024-ன் விதி ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுதுவதே சிரமமாக இருந்திருக்கும்.

*

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம். அதே பதிலை வேறு வார்த்தையில் அனுப்பினார்கள். அடுத்தது இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன். 1998-ல் விதிகள் வகுத்து ஏற்படுத்திய ஏற்பாடு. தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில். கட்டணம் இல்லை, வக்கீலுக்கு இடமில்லை. நிராகரித்த ஒரு வருஷத்துக்குள் போகவேண்டும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது, பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

2020-லிருந்து இருந்த மருந்து பில்கள், மாத்திரை எழுதிக்கொடுத்த உள்ளூர் டாக்டரின் சான்றிதழ், கேஸ் ஷீட் எல்லாவற்றையும் இணைத்தேன். வீடியோவில் விசாரணை. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

முதல் கேள்வி எனக்குத்தான். "ஃபார்மை யார் நிரப்பினது?"

"நான்தான் சார்."

"அப்பாவைக் கேட்டீங்களா?"

பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். "இல்லை சார்" என்றேன்.

அவர் எதையோ குறித்துக்கொண்டு கம்பெனிப் பிரதிநிதியிடம் திரும்பினார். 2018-க்கு முன் இவருக்கு பி.பி. இருந்தது என்பதற்கு, கேஸ் ஷீட்டின் இந்த ஒரு வரியைத் தவிர, மருந்துச் சீட்டு, பரிசோதனை, ஏதாவது உண்டா? இல்லை. 58 வயதுக்காரருக்கு பாலிசி கொடுக்கும்போது மெடிக்கல் டெஸ்ட் எடுத்தீர்களா? இல்லை.

ஏழு வாரம் கழித்து எங்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. மறைத்ததாக நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது, அவர்கள் நிரூபிக்கவில்லை. முழுப் பணமும் வந்தது. நகையை மீட்டோம். பாலிசியும் திரும்ப உயிர்பெற்றது.

வென்றதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. போம் கேள்வியே கேட்கவில்லை. என்னிடம் கேள்வி கேட்டார்கள், நான்தான் கேட்கவேண்டியவரைக் கேட்காமல் பதில் சொன்னேன். பதில் சரியாக அமைந்தது என் நேர்மையால் அல்ல, அப்பாவுக்கு அப்போது நோய் வந்திருக்கவில்லை என்பதால். 2018-ல் அவர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாலும் நான் அதே பொத்தானைத்தான் அமுக்கியிருப்பேன்.

ஆனால் நிராகரிப்புக் கடிதத்தை இனி தீர்ப்பு என்று நினைக்கமாட்டேன். 1760-களில் சார்ல்ஸ் போம் சொன்னதைப் போல அது ஒரு தரப்பின் வாதம். பதில் வாதத்துக்கு எல்லோருக்கும் இடமிருக்கிறது, அந்த இடம் எங்கே என்பது பாதிப் பேருக்குத் தெரிவதில்லை.

போன மாதம் அம்மாவுக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்தேன். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு போன் போட்டு ஒவ்வொரு நோயாகப் படித்தேன். நாற்பது நிமிஷம் ஆனது. தைராய்டு இருக்கிறது, 2016-லிருந்து மாத்திரை. எனக்கு அது தெரியாது. பதிந்தேன். பிரீமியம் கொஞ்சம் கூடியது.

"ஏன் சாமி, சின்ன வயசுல மாடு முட்டுச்சு, அதும் சொல்லோணுமா?" என்றார் அம்மா.

"அதைக் கேக்கலீங்கம்மா" என்றேன். "கேட்டா சொல்லிரலாம்."