தொடாத கை விலகியது

1969. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரப் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம் ஒன்றை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். சுவரோரம் நீளநீளமாகக் குழாய்கள். அவற்றுக்குள் இருட்டில் ஒளிரும் பொடி கலந்த தண்ணீர். தரையில் கால் பட்டால் உணரும் பட்டைகள். யாராவது மிதித்தால் வெளிச்சமும் ஒலியும் மாறும். 'க்ளோஃப்ளோ' என்று பெயர். செய்தவர்களில் ஒருவர் மைரன் க்ரூகர், கணினி ஆராய்ச்சி மாணவர். கூட இருந்த கலைஞர்களுக்கோ ஒரு பயம்: உடனுக்குடன் பதில் கிடைத்தால் கூட்டம் குதித்துக் குதித்தே அறையை விளையாட்டுச் சாமான் ஆக்கிவிடுமே! அதனால் வேண்டுமென்றே தாமதம் வைத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் இருட்டில் ஒன்றுகூடிக் கைதட்டினார்கள், ராகம் இழுத்தார்கள். தங்கள் காலுக்குத்தான் அந்த அறை பதில் சொல்கிறது என்பது மட்டும் பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லை. அடுத்த முறை தாமதமே கூடாது என்று க்ரூகர் முடிவு கட்டினார்.

1970-இல் 'மெட்டாப்ளே'. அதே கலைக்கூடத்தில் பத்தடிக்கு எட்டடி திரை, தரையில் 800 உணர்விகள். உள்ளே வருபவரின் வீடியோ உருவம் திரையில் தெரியும். அதன் மேல் கோடுகள் ஓடும். விரலை ஆட்டினால் விரல் நுனியிலிருந்து கோடு புறப்படும். பார்த்தவர்கள் கணினியின் சாமர்த்தியம் என்று வியந்தார்கள். உண்மையில், ஒரு மைல் தள்ளியிருந்த கணினி மையத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து, அவர்களைத் தன் திரையில் பார்த்தபடி கையால் வரைந்துகொண்டிருந்தார். தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னே ஆள் இருப்பதாவது ஊருக்கே தெரியும். இங்கே அதுவும் தெரியாது.

இந்த இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒருநாள் தகவல் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. க்ரூகர் கணினி மையத்தில், நண்பர் கலைக்கூடத்தில். தொலைபேசியில் பேசிப் பார்த்தார்கள். ஒருவர் கருவியில் பார்க்கும் தகவலின் அலைக்கோட்டை மற்றவருக்கு வாயால் விளக்க முடியவில்லை. கையில்தான் வீடியோ இணைப்பு இருக்கிறதே என்று பிறகுதான் உறைத்தது. இரண்டு பக்கப் படங்களையும் ஒரே திரையில் கலந்து, இங்கே பார், அங்கே பார் என்று விரலால் சுட்டிப் பேசினார்கள். பேச்சுவாக்கில் க்ரூகர் கையின் பிம்பம் நண்பர் கையின் பிம்பத்தின் மேல் பட்டது. நண்பர் சட்டென்று கையை நகர்த்திக்கொண்டார்.

ஒரு மைல் தூரத்தில் இருப்பவரின் கை மேல் எதுவுமே படவில்லை. க்ரூகர் சோதித்துப் பார்க்கத் தன் கையை மறுபடி நகர்த்தினார். மறுபடியும் அந்தக் கை கூச்சத்தோடு ஒதுங்கியது.

பிம்பத்தையும் மனிதன் தன் உடம்பாகவே நினைக்கிறான்! கோளாறு பார்க்கப் போன இடத்தில் கிடைத்த இந்த ஒரு துப்பு, க்ரூகரின் அடுத்த இருபது வருஷத்தை விழுங்கியது. 1975-இல் மில்வாக்கியின் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய 'வீடியோபிளேஸ்' காட்சிக்கு வந்தது. ஒளிந்திருந்து வரையும் ஆளுக்குப் பின்னாளில் வேலை போயிற்று. கேமரா பார்க்கும் நிழலுருவைக் கணினியே புரிந்துகொண்டது. கடையில் வாங்கும் கணினிக்கு அந்த வேகம் போதாது என்பதால் தனி மின்சுற்றுகளையே உருவாக்கினார். 'க்ரிட்டர்' என்று ஒரு குட்டிப் பிராணி பிறந்தது. பிடிக்கப் போனால் ஓடும், நிழலுருவின் மேல் தொற்றி ஏறும், உச்சந்தலையை அடைந்ததும் ஆடும். எல்லாம் அறைக்குள்ளேயே நடந்தன. தெருவுக்கு வர இன்னொரு தோல்வி தேவைப்பட்டது.

1997, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம். மெக்சிகோவில் பிறந்த ரஃபேல் லொசானோ-ஹெம்மர் அங்கே பழைய ஆயுதக் கிடங்கின் சுவரில் மக்களின் நிழலைப் பிரம்மாண்டமாக விழ வைத்தார். தலைப்பே பயம், ராட்சத நிழல் திகிலூட்டும் என்பது அவர் கணக்கு. வந்தவர்கள் பயப்படுவதாக இல்லை. நிழலை வைத்துச் சேட்டை செய்யத் தொடங்கிவிட்டார்கள். கணக்கு தப்பியதைக் கண்ட கலைஞர், அந்தச் சேட்டையையே அடுத்த படைப்புக்கு முதலாக்கினார்.

2001-இல் ராட்டர்டாம் சதுக்கத்தில் 'பாடி மூவிஸ்'. பெரிய சுவரில் தெருவில் எடுத்த மனிதர்களின் படங்கள். தரையிலிருந்து பாயும் கடும் வெளிச்சத்தில் அவை கண்ணுக்கே தெரியாது. யாராவது குறுக்கே நடந்தால், அவர் நிழலுக்குள் மட்டும் ஒரு முகம் தெரியும். விளக்கருகே நின்றால் நிழல் 25 மீட்டர், சுவரருகே போனால் 2 மீட்டர். எல்லா முகங்களையும் கூட்டம் நிழலால் மூடிவிட்டால், கேமரா வழியே கணினி அதை அறிந்து படங்களை மாற்றிவிடும். அதனால் முன்பின் அறியாதவர்கள் முன்னே வா, பின்னே போ என்று ஒருவரையொருவர் ஏவிக்கொண்டார்கள்.

இன்றைக்கு ஷாப்பிங் மால் தரையில் குளம் ஒன்று மின்னுகிறது. குழந்தை கால் வைத்ததும் மீன்கள் சிதறி ஓடுகின்றன. அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடக்கிறார். அங்கே தண்ணீர் இல்லை. கூரையில் ஒரு ப்ரொஜெக்டரும் ஒரு கேமராவும் மட்டும் இருக்கின்றன.