மன்னாரில் வளர்ந்த கண்டி அரசி

மன்னார்த் தீவின் வாசலில் நிற்கும் கோட்டையை முதன்முதலாகப் பார்க்கச் சென்றபோது, போர்களைப் பற்றி மட்டுமே குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பினேன். கண்டி அரசி ஒருத்தி இந்த ஊரில்தான் வளர்ந்தாள் என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். அரசர்க்குக் காட்டும் மரியாதை எப்படியெல்லாம் மாறியது என்பதை அவளுடைய கதையிலிருந்தே தொடங்கலாம்.

மன்னாரைப் போர்த்துக்கேயர் 1560இல் கைப்பற்றினர். 1580களின் தொடக்கத்தில், நாடிழந்த கண்டி மன்னன் கரலியத்த பண்டாரவின் மகள் அவர்களிடம் அடைக்கலமாக வந்தாள். குசுமாசன தேவி என்ற அக்குழந்தை தோனா கத்தரீனா என ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தாள். 1594இல் போர்த்துக்கேயர் அவளைக் கண்டிக்கு அழைத்துச் சென்று அரசியாக்கினர். வணக்கம் அரசிக்கு, அதிகாரம் தளபதிக்கு. மக்கள் இதைப் பொறுக்கவில்லை. தந்துறையில் போர்த்துக்கேயப் படை அழிந்தது. வென்ற கோணப்பு பண்டார, விமலதர்மசூரியன் என்ற பெயரில் ஆட்சியேறி அவளையே மணந்தான்.

1602இல் ஒல்லாந்தரான ஸ்பில்பேர்கன் கண்டிக்குச் சென்றார். மன்னன் அவரை அரசியும் பிள்ளைகளும் இருந்த அறைக்கே அழைத்துச் சென்றான். அவர்கள் ஐரோப்பிய உடையில் இருந்தனர்.

அதே அரசியின் மகன் இரண்டாம் இராஜசிங்கன். அவன் காலத்தில் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டுகள் கைதியாக வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ், குடிகள் மன்னன்முன் மூன்று முறை நெடுஞ்சாண்கிடையாக விழுந்ததையும், தம்மை நாய்க்கு ஒப்பிட்டுப் பேசியதையும் 1681இல் வெளியான தம் நூலில் எழுதினார். தாய்க்கும் மகனுக்கும் இடையே எத்தனை தொலைவு!

இராஜசிங்கனுக்கு ஒல்லாந்தர் எழுதிய கடிதங்களிலும் பணிவுக்குக் குறைவில்லை. தம்மை மன்னனின் ஊழியர் என்றே சொல்லிக்கொண்டனர். ஆனால் 1658இல் பிடித்த மன்னார்க் கோட்டையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.

1762இல் கண்டிக்குத் தூது வந்த ஆங்கிலேயர் ஜோன் பைபஸ் மன்னன்முன் மண்டியிட்டார். ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1818 நவம்பர் 21ஆம் திகதிப் பிரகடனத்தின் மூலம் ஆங்கிலேயரே கண்டி மாகாணங்களில் தரையில் விழுந்து வணங்கும் வழக்கத்தை ஒழித்தனர். ஆளுநரையும் அவ்வாறு வணங்கக்கூடாது என்றனர். நல்ல காரியந்தான். ஆனால் அதே பிரகடனம், ஆங்கிலேய அதிகாரி எதிர்ப்பட்டால் நடுவீதியை விட்டு விலகுக, அமர்ந்திருந்தால் எழுந்து வணங்குக என்றும் கட்டளையிட்டது.

குனிந்தவர் எல்லோரும் பணிந்தவர் அல்லர்; நிமிரச் சொன்னவர் எல்லோரும் விடுதலை தந்தவரும் அல்லர். மன்னார்க் கோட்டையை அடுத்த முறை பார்க்கும்போது, போர்களோடு இதையும் குறித்துக்கொள்வேன்.