குதிரை வந்தது, லாடக்காரர் வரவில்லை

இந்த ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்க நண்பர்கள் கேட்டார்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஆலையில் பம்பையும் பேரிங்கையும் கட்டி மேய்க்கிற எனக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. 700 ஆண்டுகளுக்கு முன் நமக்குப் பக்கத்துக் கடற்கரையில் நடந்த ஒரு பராமரிப்புத் தோல்வியைத்தான் எழுதப்போகிறேன். பழுதானது இயந்திரம் அல்ல, குதிரை.

நாகர்கோவிலிலிருந்து திருச்செந்தூர் போகிறவர்களுக்கு, அங்கிருந்து கொஞ்சம் வடக்கே காயல்பட்டினமும் பழையகாயலும் இருப்பது தெரியும். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியரின் பெரிய துறைமுகம் காயல். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 1290-களில் இந்தக் கரையோரம் வந்தவர். நம்ம குமரியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவர் சொன்ன காயல், பழையகாயல்தான் என்று அடையாளம் காட்டியவர் இடையன்குடியில் வாழ்ந்த பிஷப் கால்டுவெல். ஓர்மஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து இங்கே கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியது.

மன்னர் ஒருவரே ஆண்டுக்கு 2,000-க்கு மேல் குதிரை வாங்குவார், அவருடைய சகோதரர்கள் நால்வரும் அப்படியே வாங்குவார்கள், ஆனால் ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாது என்கிறார் போலோ. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னொரு கணக்குத் தருகிறார். கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரை; ஒன்றுக்கு 220 தீனார் பொன். வழியில் கடலில் செத்துப்போனாலும் விலையைக் கஜானாவிலிருந்து கொடுத்தாக வேண்டுமாம்! இன்றைக்கு எந்தப் பர்ச்சேஸ் மேனேஜரும் இப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டார்.

மாணிக்கவாசகருக்காக ஈசன் நரியைப் பரியாக்கிய கதை நமக்கெல்லாம் தெரியும். பாண்டியனின் பொன் குதிரைக்கென்று போனது. இராத்திரி கழிந்தால் லாயத்தில் நரி ஊளையிடுகிறது. புராணத்தைப் புராணமாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் பொன்னும் போய், லாயமும் காலியாகிற கவலை இந்த நாட்டு அரசர்களுக்குப் புதிதல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏன் செத்தன? நம் வெயிலும் ஒத்துக்கொள்ளாத தீவனமும் காரணமாக இருந்திருக்கும். ஆனால் போலோ அழுத்திச் சொல்லும் காரணம் வேறு. இங்குள்ளவர்களுக்குக் குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது, லாடக்காரர்களும் இல்லை. வியாபாரிகள் லாடக்காரர்களைக் கூட்டி வருவதும் இல்லை, வேறு யாரும் வராதபடி தடுக்கவும் செய்தார்கள். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருடம் விற்பனை குறையுமே! சரக்கை விற்பார்கள், அதைக் காக்கும் கைத்தொழிலை மட்டும் விற்கமாட்டார்கள்.

வஸ்ஸாஃப் சொல்லும் செய்தி இதற்கும் மேல். கப்பலில் வந்திறங்கிய குதிரையை முளையடித்துக் கயிற்றால் கட்டி, 40 நாள் அசையவிடாமல் கொழுக்கவைப்பார்களாம். பிறகு எந்தப் பயிற்சியும் கொடுக்காமல், பேய் பிடித்தாற்போல் ஓட்டுவார்களாம். கொஞ்ச நாளில் குதிரை ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடும். இன்று குதிரை மறுவாழ்வுப் பயிற்சி கற்பவர்களுக்கு எதையெல்லாம் செய்யக்கூடாது என்று சொல்லித்தருகிறார்களோ, அத்தனையும் இதில் இருக்கிறது.

கொஞ்சம் என்ஜினீயரிங் பார்ப்போம். சவாரிக் குதிரை ஒன்று சுமார் 450, 500 கிலோ இருக்கும். நிற்கும்போது அதில் பாதிக்கு மேல் முன்னங்கால்கள் தாங்குகின்றன. அந்தக் காலில் முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது, எலும்பும் தசைநாணும்தான். ஓடும்போது தசைநாண் ஸ்பிரிங் மாதிரி நீண்டு சுருங்கும். கட்டிப்போட்ட குதிரையைத் திடீரென்று ஓட்டினால் முதலில் அடி வாங்குவது அதுதான். குளம்போ ஒரு பம்பு. தரையில் ஊன்றும்போது அழுந்தி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளும். நடக்காத குதிரைக்கு இந்தப் பம்பு சரியாக வேலை செய்யாது. குளம்பை ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது சீவ வேண்டும். லாட ஆணி உணர்ச்சியற்ற வெளிச்சுவரில் இறங்க வேண்டும். கொஞ்சம் உள்ளே போனாலும் குதிரை நொண்டும்.

தசைநாண் கிழிந்தால் குணமாக மாதக்கணக்காகும். முதலில் ஓய்வும் குளிர்நீர் ஒத்தடமும். பிறகு கையில் பிடித்து நாளுக்குச் சில நிமிட நடை. அல்ட்ராசவுண்டில் பார்த்துப் பார்த்து நேரத்தைக் கூட்டி, கடைசியில்தான் ஓட்டம். தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில்லும் இருக்கிறது. நீர்மட்டம் ஏற ஏற, கால் தாங்கும் எடை குறையும். நாம் பரீட்சைக்குப் படித்த ஆர்க்கிமிடீஸ் விதிதான், பாத்துக்கோங்க!

நம் நாட்டில் இந்த அறிவே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1952-இல் வண்ணப் படங்களோடு அச்சிட்டது. ஆனால் ஏடு வேறு, பழகிய கை வேறு. நம் மாவட்டத்து வர்ம ஆசான்களைப் பாருங்கள். எலும்பு முறிவும் சுளுக்கும் பார்க்கும் அவர்களின் வைத்தியம், சீடன் ஆசான் கூடவே இருந்து பழகுவதால்தான் இன்றும் நிற்கிறது. காயலில் இறங்கிய குதிரைக்கு அப்படி ஓர் ஆசான் வாய்க்கவில்லை.

முறையான பள்ளி எப்போது வந்தது? குதிரையேற்றம் கற்பித்த கிளாட் பூர்ஷெலா என்பவர் முயற்சியில் 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்றியது. லண்டனில் 1791. சென்னை வேப்பேரியில் 1903. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் 1989-இல் அமைந்தது. நமக்குப் பக்கத்திலேயே திருநெல்வேலியில் 2012-இல் கல்லூரி வந்துவிட்டது.

காயம்பட்ட குதிரையை மறுபடி நடக்கவைக்கும் பயிற்சி தனித் தொழிலானது இன்னும் பிற்பாடு. நம் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் ஒரு போலோ ஆட்டக்காரர். அவர் கேட்டதன்பேரில், மனிதர்களுக்கு வைத்தியம் பார்த்துவந்த சார்லஸ் ஸ்ட்ராங் என்ற பிசியோதெரபிஸ்ட் குதிரைகளுக்கும் சிகிச்சை செய்தார். பிரிட்டனில் இன்று பிசியோதெரபி பட்டம் பெற்றவர்கள் அதற்கு மேல் விலங்குகளுக்கான முதுநிலைப் படிப்புப் படிக்கலாம். அமெரிக்காவில் 2010-இல் இது கால்நடை மருத்துவத்தின் தனிச் சிறப்புப் பிரிவாக ஏற்கப்பட்டது. டென்னசி பல்கலைக்கழகம் குதிரை மறுவாழ்வுக்கென்றே சான்றிதழ் தருகிறது. நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்ற கால்நடை மருத்துவரே சிகிச்சையளிக்க உரியவர். ஆகவே கால்நடை மருத்துவம் படிப்பதுதான் நேர்வழி. பிசியோதெரபி படித்தவர்கள் அவரோடு சேர்ந்து பணியாற்ற வேண்டும். லாடத் தொழிலுக்கு மீரட் ராணுவ மையத்தில் பயிற்சி உண்டு.

இன்றைக்குப் படிக்கும் தம்பி தங்கைகளே! கொடைக்கானல் ஏரிக்கரையிலும் மெரினா மணலிலும் குதிரைகள் பயணிகளைச் சுமக்கின்றன. கால் நொண்டினால் ஒரு குடும்பத்தின் அன்றாட வருமானமும் நொண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது கால்நடை மருத்துவமோ பிசியோதெரபியோ படித்தால் இந்தத் துறையைச் சொல்லிக்கொடுங்கள். நீர்த் தொட்டியும், காலின் சுமையை அளக்கும் கருவியும் செய்ய மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் ஆட்களும் தேவை. நாளை நீங்கள் எந்த ஆலைக்கு எந்த இயந்திரம் வாங்கினாலும், விலையைக் கேட்பதற்கு முன் 'இதைப் பார்த்துக்கொள்ள எங்கள் ஆளுக்குச் சொல்லித்தருவீர்களா?' என்று கேளுங்கள். காயல் துறையில் யாராவது இதைக் கேட்டிருந்தால், பாண்டியனின் பொன்னும் மிஞ்சியிருக்கும். வாயில்லா ஜீவன்கள் ஆயிரக்கணக்கில் பிழைத்திருக்கும்.